ஒன்று நாற்பது

நூலகம் என்றுதான் இதற்கும் பெயர்.
அலமாரி கிடையாது, முத்திரை குத்த ஆள் கிடையாது.
எவரோ எழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க என்று
வாசலில் வைத்துப்போன
அலாரம் அடிக்கும் நிரல்.
ஒரே வரியில் என் செயலிக்குள் அழைத்துக்கொண்டேன்.
காசு கேட்கவில்லை.
யார் மகள், எந்தத் தெரு என்றும் கேட்கவில்லை.

செயலி மானூர்ப் பக்கத்துக்கு.
மும்முனை மின்சாரம் இந்த வாரம் பகலில் வரும்,
அடுத்த வாரம் நடுச்சாமத்தில்.
ஒரு கிணறு, ஒரு மோட்டார், மூன்று பங்காளிகள்.
இசக்கித்தாய்க்கு அரை ஏக்கர் உள்ளி.
அவள் முறை ஒன்று நாற்பதுக்கு.
பிந்தினால்
அடுத்த முறைக்காரன் மோட்டார் ரூம் சாவியோடு நிற்பான்.

நாள், மணி, நிறுத்தும்வரை ஒலி:
எழுத அவ்வளவுதான்.
எந்த ஒலி என்பதில்தான் இரண்டு நாள் போனது.
கோயில் மணி வைத்தால்
கன்னத்தில் போட்டுக்கொண்டு புரண்டு படுப்பார்கள்.
சேவலை எவனும் நம்புவதில்லை, அதுவே தப்பாகத்தான் கூவுகிறது.
கடைசியில் ஆலங்குளம் பஸ் ஹாரனைப் பதிந்து வைத்தேன்.
பஸ் போய்விடும் என்ற பயத்துக்கு
எழும்பாத ஆள் இந்தச் சீமையில் இல்லை.

வண்ணார்பேட்டை மாடியறையில்
நான்கு பழைய போன்களைத் தரையில் வரிசையாய்க் கிடத்தி
ராத்திரி ராத்திரியாய் பஸ் விட்டேன்.
கீழ்வீட்டு ரீத்தம்மாள் படியேறி வந்து
"இது வீடா, ஜங்ஷனா?" என்றாள்.
நான்கும் அடித்தன.
மயிரிழை பிசகவில்லை.

செவ்வாய் விடியலில் ஒரு குரல்செய்தி. பதினான்கு நொடி.
"எம்மா கனி, ஒம்ம மணி அடிக்கலியே.
கொழுந்தன் பாய்ச்சிட்டான்.
அவன் வாழைக்குத் தண்ணி கொளகொளன்னு நிக்கி,
என் உள்ளி வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு."
கோபம் இல்லை அந்தக் குரலில்.
இருந்திருந்தால் காபி இறங்கியிருக்கும்.

முந்தின சாயங்காலம் அங்கே காற்று, கரண்ட் இல்லை.
சார்ஜ் தீர்ந்து போன் செத்தது.
ஒன்பது மணிக்குப் பிழைத்து எழுந்தபோது
முன்பிறவியில் ஒப்புக்கொண்டதெல்லாம் அதற்கு மறந்துவிட்டது.
நேரம் சரி. வால்யூம் சரி.
வாக்கு மட்டும் இல்லை.

நூலகத்தின் கையேட்டில், அடியில், பொடி எழுத்தில் இருந்தது:
போன் மறுபடி உயிர்த்தால்
அலாரங்களை மறுபடி பதிய வேண்டியது உம் பொறுப்பு.
படிக்காமல் விட்டது நான்.
ஆனால் அத்தனை பேரும் ஏன் தனித்தனியே மறக்க வேண்டும்?
பதினொரு வரி எழுதினேன்.
உயிர்த்ததும் முதல் வேலை, குறித்துவைத்ததைத் தேடு.
என் செயலியில் சேர்த்துவிட்டு
நூலகத்துக்கே திருப்பி அனுப்பினேன்,
கிணற்றுக் கதையை நாலு வரியில் சொல்லி.

அதைப் பராமரிப்பவருக்கு முகம் கிடையாது,
பனியில் நிற்கும் ஒரு நாய்ப் படம்தான்.
மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டார்.
கூடவே ஒரு கேள்வி: பங்காளி என்றால் என்ன?

அவர் மொழியில் நெடுநேரம் துழாவினேன்.
"ஒரே தண்ணீரைக் குடித்து
ஒருவரையொருவர் கவனித்துக்கொள்பவர்கள்" என்று எழுதினேன்.
கவனிப்பில் இரண்டு வகை உண்டென்று
எழுதவில்லை.

அடுத்த முறை வெள்ளிக்கிழமை ராத்திரி.
நான் படுக்கவே இல்லை.
ஒன்று நாற்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது.
"அடிச்சுது எம்மா. நல்லா அடிச்சுது.
நான் ஒண்ணு இருவதுக்கே எந்திச்சு உக்காந்திருக்கேன்,
அடிக்கான்னு பாக்க."
மோட்டார் இரைச்சல். குழாயில் முதல் தண்ணீர் இருமுகிற சத்தம்.
அதற்கும் பின்னால், நாலைந்து வயல் தள்ளி
இன்னொரு ஆலங்குளம் பஸ்.

மறுபடி கேட்டேன். பஸ்தான்.

செயலியின் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
நேற்றுவரை நாற்பத்தொரு பேர்.
இன்று நாற்பத்திரண்டு.